அல்ட்ரா பிளேசர்: அவசர அனுமதியில் வந்த களைக்கொல்லிக்கு எத்தனை மதிப்பெண்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சர்க்கரை எடுக்கும் கிழங்குப் பயிரான சுகர்பீட் வயலில் மற்ற மருந்துகளுக்குத் தப்பி நிற்கும் வாட்டர்ஹெம்ப் களையை, நான்கு அங்குலம் தாண்டுவதற்குள் பிடித்தால் அல்ட்ரா பிளேசர் கைகொடுக்கும். எட்டு அங்குலம் வளரவிட்டு அடித்தால் பயிரின் இலை கருகும், களை பத்து நாளில் மறுபடி துளிர்க்கும், மருந்துக் காசும் டீசல் காசும் சேர்ந்து போகும்.

மதிப்பிட வேண்டியவை இரண்டு. ஒன்று பாட்டில். மற்றொன்று, அந்தப் பாட்டிலைச் சுகர்பீட் வயலில் திறக்க அனுமதிக்கும் அரசு உத்தரவு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலும் வடக்கு டகோட்டாவின் கிழக்குப் பகுதியிலும் 2021-இல் இந்த உத்தரவு முதன்முதலாக வந்தது, அடுத்த ஆண்டுகளிலும் புதுப்பிக்கப்பட்டது. பாட்டிலின் குணத்தைவிட உத்தரவின் நிபந்தனைகள்தான் பல வயல்களில் பலனைத் தீர்மானிக்கின்றன. அதனால் இரண்டையும் பிரிக்காமல் பார்ப்பதே சரி.

பாட்டிலுக்குள் இருப்பது

செயல்படும் பொருள் அசிஃபுளூர்ஃபென் என்பதன் சோடியம் உப்பு. ஒரு கேலனில் 2 பவுண்டு, அதாவது லிட்டருக்குச் சுமார் 240 கிராம். விற்பது யூபிஎல். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அதே நிறுவனம்தான். இந்திய சோயா விவசாயிக்கு இந்த வேதிப்பொருள் புதிதல்ல. 16.5% அசிஃபுளூர்ஃபென் சோடியமும் 8% குளோடினாஃபாப் புரோப்பார்ஜிலும் சேர்ந்த கலவை, ஐரிஸ் என்ற பெயரில் சோயாவுக்கு ஹெக்டேருக்கு ஒரு லிட்டர் கணக்கில் விற்கப்படுகிறது.

அல்ட்ரா பிளேசர் அமெரிக்காவில் பதிவே இல்லாத மருந்தும் அல்ல. சோயா, நிலக்கடலை, நெல், ஸ்ட்ராபெர்ரி ஆகியவற்றுக்கு முறையான பதிவு உண்டு. சுகர்பீட்டுக்கு இல்லை. அந்நாட்டுச் சட்டத்தில் லேபிளில் பெயர் இல்லாத பயிருக்கு ஒரு மருந்தை அடிப்பது, பதிவில்லாத மருந்தை அடிப்பதற்குச் சமமான குற்றம். "கடையில் கிடைக்கிறதே, அடித்தால் என்ன?" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கிழங்கில் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டு, அந்தப் பயிருக்கு எச்ச வரம்பு எதுவும் நிர்ணயிக்கப்படாமல் இருந்தால், அது கலப்பட உணவாகவே கருதப்படும்.

ஏன் இந்த அவசரம்

ரெட் ரிவர் பள்ளத்தாக்கும் தெற்கு மின்னசோட்டாவும் அந்நாட்டின் பெரிய சுகர்பீட் பகுதிகள். மூர்ஹெட்டில் அமெரிக்கன் கிரிஸ்டல் ஷுகர், வாபெட்டனில் மின்-டாக், ரென்வில்லில் சதர்ன் மின்னசோட்டா என மூன்றும் விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள கூட்டுறவு ஆலைகள். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சுகர்பீட் விதை 2008-இல் பரவலாக வந்ததும் ஏறக்குறைய எல்லோரும் அதற்கு மாறினார்கள். சில ஆண்டுகள் களைக் கவலையே இல்லை. பிறகு கிளைஃபோசேட்டுக்கு அசையாத வாட்டர்ஹெம்ப் வந்தது.

இந்தக் களை நம் முள்ளுக்கீரை, குப்பைக்கீரையின் நெருங்கிய உறவு, அதே அமராந்தஸ் பேரினம். தண்டில் ரோமம் இருக்காது, இலை நீண்டு பளபளவென்றிருக்கும். ஆண் செடி தனி, பெண் செடி தனி. பக்கத்து வயல் ஆண் செடியின் மகரந்தம் எதிர்ப்புத்திறனைக் காற்றிலேயே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒரு பெண் செடி இரண்டரை லட்சம் விதைகூடப் போடும். மே மாதத்தில் முளைக்கத் தொடங்கி ஆகஸ்ட் வரை தவணை தவணையாக வந்துகொண்டே இருக்கும். வெயில் காலத்தில் ஒரு நாளில் ஓர் அங்குலம் உயரும். அதனால் அளவுகோல் வைத்துப் பார்த்த அன்றே தெளிப்புக்கு நாள் குறித்தாக வேண்டும்.

மருந்து தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் வேறு. இன்றைய தாவரவியல் வகைப்பாட்டில் சுகர்பீட்டும் வாட்டர்ஹெம்பும் ஒரே குடும்பம். களையைக் கொல்வது பெரும்பாலும் பயிரையும் தொடும். முன்பு முளைத்த களைக்கு பேட்டாமிக்ஸ் என்ற கலவை இருந்தது, டெஸ்மெடிஃபாமும் ஃபென்மெடிஃபாமும் சேர்ந்தது. அது சந்தையிலிருந்து போய்விட்டது. மிஞ்சியவை மண்ணில் போடும் மருந்துகள்: விதைப்பின்போது எத்தோஃபுமசேட், பயிர் இரண்டு இலை விட்டதிலிருந்து டுயல் மேக்னம், அவுட்லுக், வாரன்ட் போன்றவை. மழை அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலமாவது பெய்து மருந்தை மண்ணுக்குள் இறக்கினால்தான் இவை வேலை செய்யும். 2021-இல் அந்தப் பகுதியில் கடும் வறட்சி. மண்ணின் மேல் தூவப்பட்ட மருந்து மேலேயே கிடந்தது, களை கீழிருந்து வந்தது. வந்த களையைக் கொல்ல லேபிளில் எதுவும் இல்லை. அவசர அனுமதி கேட்கப்பட்டது இந்தச் சூழலில்தான்.

அனுமதி என்ற சேவை

அமெரிக்கப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் பிரிவு 18 தான் வழி. விவசாயி நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, மருந்து நிறுவனமும் முடியாது. மாநில அரசுத் துறை அல்லது மத்தியத் துறை மட்டுமே கேட்கலாம். இங்கே மாநில வேளாண் துறைகள் கேட்டன. முடிவெடுப்பது இபிஏ எனப்படும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

இந்த அவசர விலக்கில் நான்கு வகை உண்டு. குறிப்பிட்ட பயிருக்கான விலக்கு ஓராண்டு வரை, தனிமைப்படுத்தல் விலக்கு மூன்றாண்டு வரை, பொதுச் சுகாதார விலக்கு ஓராண்டு வரை. நான்காவது நெருக்கடி விலக்கு. அதில் மாநிலமே தானாக 15 நாளுக்கு அனுமதித்துவிட்டு, நீட்டிக்க வேண்டுமானால் முறையான விண்ணப்பம் போட வேண்டும். களைக்கொல்லிகளில் பெரும்பாலும் பயன்படுவது முதல் வகை.

விண்ணப்பத்தில் நிரூபிக்க வேண்டியவை கடினமானவை. நிலைமை வழக்கத்துக்கு மாறானது, உடனடியானது என்று காட்ட வேண்டும். பதிவான மருந்துகள் ஏன் போதாது, கலப்பை ஓட்டுவதும் கையால் பறிப்பதும் ஏன் போதாது என்று தனித்தனியாக விளக்க வேண்டும். பொருளாதார இழப்புக்கு மூன்று படி அளவுகோல் உண்டு: விளைச்சலில் 20 சதவீத இழப்பு, அது இல்லையென்றால் மொத்த வருமானத்தில் 20 சதவீத இழப்பு, அதுவும் இல்லையென்றால் நிகர வருமானத்தில் 50 சதவீத இழப்பு. முதல் படியிலேயே தேறினால் அடுத்த இரண்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. பல விண்ணப்பங்கள் திணறுவது இங்கேதான். 'களை அதிகம்' என்ற புகைப்படங்கள் இருக்கும், ஏக்கருக்கு எத்தனை டன் குறைந்தது என்ற சோதனை வயல் எண்கள் இருக்காது.

உணவுப் பயிர் என்பதால் 1996-க்குப் பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்தது. அனுமதியோடு, கிழங்கில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்ற காலவரையுள்ள வரம்பையும் இபிஏ நிர்ணயிக்க வேண்டும். குடிநீர், உணவு இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் அந்த வரம்பு வரும்.

வேகம் எப்படி? முழு விண்ணப்பம் வந்த பிறகு 50 நாளில் முடிவு என்பது இபிஏயின் இலக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சுகர்பீட் காலண்டரில் வைத்துப் பார்த்தால்தான் இடிக்கிறது. விதைப்பு ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும். வாட்டர்ஹெம்ப் முளைப்பு மே நடுவில். தெளிக்கும் வாய்ப்பு ஜூனில் சில வாரங்கள், ஜூலை பிறந்ததும் இலைகள் வரிசையை மூடத் தொடங்கிவிடும். களை வந்த பிறகு விண்ணப்பித்தால் பதில் வரும்போது களை இடுப்பளவு இருக்கும். ஆகவே குளிர்காலத்திலேயே, அவசரம் நிகழும் முன்பே, 'அவசரம் வரப்போகிறது' என்று விண்ணப்பம் போக வேண்டியிருக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து நிலைமை கொஞ்சம் மேல். சூழல் மாறவில்லை என்றால் சுருக்க விண்ணப்பம் போதும்.

அளவும் முறையும்

ஏக்கருக்கு 16 திரவ அவுன்ஸ், அதாவது 473 மி.லி. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை. செயல்படும் பொருளாகப் பார்த்தால் ஏக்கருக்கு 113 கிராம். மேலே சொன்ன இந்தியச் சோயாக் கலவையில் ஏக்கருக்குக் கிடைப்பது 66 கிராம்தான். ஆகவே சோயா அனுபவத்தை வைத்து இதை எடைபோட வேண்டாம்.

பயிர் ஆறு இலையைத் தாண்டியிருக்க வேண்டும். இதில் ஏமாறுபவர்கள் பலர். வயலின் பொதுத் தோற்றத்தைப் பார்த்து ஆறு இலை என்று சொல்வார்கள். வறட்சியில் விதை இரண்டு கட்டமாக முளைத்திருந்தால் பாதிச் செடிகள் நான்கு இலையில் நிற்கும், அவைதான் அதிகம் அடிபடும். வரிசை வரிசையாக நடந்து, சிறிய செடிகளை எண்ணி முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் ஏக்கருக்கு 15 முதல் 20 கேலன். 20-ஐயே பரிந்துரைக்கிறோம், பயிர் இலை அடர்ந்திருந்தால் அதற்குக் கீழே இறங்கவே வேண்டாம். ஆயிரம் கேலன் டேங்க் வைத்திருப்பவருக்குக் கணக்கு இது: 20 கேலன் வீதம் 50 ஏக்கர், மருந்து ஆறேகால் கேலன், மருந்து இலையில் பரவ உதவும் அயனியல்லாத ஒட்டுத்திரவம் 0.125 சதவீதம் என்றால் ஒன்றேகால் கேலன். டேங்கில் பாதித் தண்ணீர் விட்டு, கலக்கியை ஓடவிட்டு, மருந்தை ஊற்றி, தண்ணீர் முக்கால்வாசிக்கு மேல் வந்ததும் ஒட்டுத்திரவம் சேருங்கள். முதலிலேயே ஒட்டுத்திரவத்தை ஊற்றினால் நுரை பொங்கி அளவுக் கோடு தெரியாது.

நாசில் விஷயத்தில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. அந்தப் பகுதியில் பலர் டைகாம்பா என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயாவும் பயிரிட்டவர்கள். அதற்காகப் பொருத்திய நாசில், காற்றில் பறக்காமலிருக்க மிகப் பெரிய துளிகளை விடும். அசிஃபுளூர்ஃபென் தொட்ட இடத்தை மட்டும் எரிக்கும் மருந்து, செடிக்குள் ஓடாது. பெரிய துளி இலையில் அங்கங்கே புள்ளி வைத்துவிட்டுப் போகும், நடுக்குருத்து நனையாது. நடுத்தரத் துளி விடும் தட்டை விசிறி நாசிலுக்கு மாற்றிவிட்டே வயலுக்குள் போங்கள். நாசிலை மாற்றும்போது டேங்க், குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் முழுதாகக் கழுவுவதும் கட்டாயம். சுகர்பீட் டைகாம்பாவின் மிகச் சிறு எச்சத்தையும் தாங்காது. இலை முறுக்கிக்கொண்டு நிற்கும் வயலைக் காட்டி அல்ட்ரா பிளேசரைக் குறை சொல்பவர்கள், முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. அசிஃபுளூர்ஃபென் காயம் அப்படி இருக்காது. அது வெண்கல நிறத்தில் பொரிந்து, காய்ந்த திட்டுகளாகத் தெரியும், முறுக்கல் வராது.

எதனால் எரிகிறது

பச்சையம் தயாராகும் வழியில் பிபிஓ என்றொரு நொதி உண்டு. அசிஃபுளூர்ஃபென் அதை முடக்கும். தயாரிப்பில் பாதியில் நின்ற பொருள் உயிரணுவுக்குள் கசிந்து தேங்கும், வெயில் பட்டதும் வினையாற்றி உயிரணுச் சவ்வைக் கிழிக்கும். அதனால் இந்த மருந்துக்கு வெளிச்சம் வேண்டும். மேகமூட்டமான குளிர்ந்த நாளில் அடித்தால் களையும் பிழைக்கும். வெப்பமும் ஈரப்பதமும் ஏற ஏற களை சாவது கூடும், பயிர்க் காயமும் சேர்ந்தே கூடும். 85 பாரன்ஹீட், அதாவது 29 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்றைய தெளிப்பைத் தள்ளிப்போடலாம். தள்ள முடியாது, களை நாளை ஐந்து அங்குலம் ஆகிவிடும் என்ற நிலையில் நண்பகலை விட்டு, வெப்பம் இறங்கத் தொடங்கும் பிற்பகல் கடைசியில் அடியுங்கள். காயமே இல்லாமல் களை மட்டும் சாகும் வேளை என்று ஒன்று கிடையாது, எவ்வளவு காயத்தை ஏற்பது என்பதுதான் முடிவு.

அடித்த மறுநாளே பயிரின் இலை கருகியது தெரியும். பயப்பட வேண்டியது அந்த இலையைப் பார்த்தல்ல. குருத்து உயிரோடிருந்தால் புதிய இலை சுத்தமாக வரும், இரண்டு வாரத்தில் வயல் தேறிவிடும். கவலைப்பட வேண்டியது கலவைகளைப் பற்றி. ஒரே ஓட்டத்தில் வேலையை முடிக்கலாம் என்று கிளைஃபோசேட், எண்ணெய் வகை ஒட்டுத்திரவம், கரைப்பானில் கரைத்து விற்கும் ஈசி வடிவ மண் மருந்து என்று எல்லாவற்றையும் ஒரே டேங்கில் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அவற்றில் உள்ள கரைப்பானும் நனைப்பானும் சுகர்பீட் இலையின் மெழுகுப் பூச்சை இளக்கி, அசிஃபுளூர்ஃபெனை வேண்டியதைவிட அதிகமாக உள்ளே விடும். அப்போது காயம் இலையோடு நிற்காமல் கிழங்கின் எடையிலும் தெரியும். தனியாக அடியுங்கள். கூடுதலாக ஒரு முறை டிராக்டர் ஓடும் செலவு, கிழங்கு எடை குறைவதைவிட மலிவு.

களைப் பக்கம் என்ன ஆகும்? இரண்டு அங்குலம் என்றால் திருப்தி, நான்கு வரை பரவாயில்லை. அதற்கு மேல் உச்சி கருகி, கீழ்க் கணுக்களிலிருந்து கிளை விடும். அந்தச் செடிக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது, ஏனெனில் அனுமதி ஆண்டுக்கு ஒரு தெளிப்புக்குத்தான். பிறகு வரிசைக்கு நடுவே கலப்பை, அல்லது ஆள் வைத்துப் பறிப்பது, அல்லது பயிருக்கு மேலே தலை நீட்டும் களையை மின்சாரத்தால் கருக்கும் இயந்திரம். சக்கரவர்த்திக் கீரை வகைக் களைக்கும் புல்வகைக்கும் இந்த மருந்தை நம்ப வேண்டாம், அவற்றில் இது பலவீனம். களை எது என்று பார்த்து உறுதி செய்யாமல் அடித்துவிட்டு ஏமாந்தவர்களின் புகாரை மருந்தின் கணக்கில் எழுத முடியாது.

கண் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது. அடர்மருந்து கண்ணில் பட்டால் மீளாத சேதம் வரும் வகை. கலக்கும்போது முகக்கவசம் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். தெளித்த வயலுக்குள் 48 மணி நேரம் யாரும் இறங்கக் கூடாது. பறிக்கும் ஆட்களை மறுநாள் வரச் சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்லுங்கள்.

லேபிளும் நாட்காட்டியும்

தெளிப்பவர் கையில் இரண்டு தாள்கள் இருக்க வேண்டும்: பாட்டிலோடு வரும் வழக்கமான லேபிள், அவசர அனுமதிக்கான தனி லேபிள். இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். அனுமதி பெற்ற மாவட்டங்களுக்கு வெளியே ஒரு ஏக்கர்கூட அடிக்கக் கூடாது, கடைசித் தேதிக்கு மறுநாளும் கூடாது.

தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே 45 நாள் வேண்டும். அக்டோபரில் முழு அறுவடை செய்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஆலைகள் ஆகஸ்ட் பிற்பாதியிலேயே முன்கூட்டிய அறுவடையைத் தொடங்கிவிடும். ஜூலை 10-இல் தெளித்தால் ஆகஸ்ட் 24-க்கு முன் அந்த வயலில் கிழங்கு தோண்ட முடியாது. முதலில் தோண்டப்போகும் வயல் எது என்று முன்பே தீர்மானித்து, தேவை இருந்தால் அதற்கு முதலில் தெளியுங்கள். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஆலையோடு தேதிக்கு மல்லுக்கட்டுவது வீண்.

பயிர்ச் சுழற்சிதான் எங்கள் பெரிய தயக்கம். சுகர்பீட்டுக்கு முன்போ பின்போ அதே வயலில் சோயா வரும். சோயாவில் அடிக்கும் ஃபோமெசாஃபென், லாக்டோஃபென் இரண்டும் இதே பிபிஓ நொதியைத்தான் தாக்குகின்றன. பிபிஓ மருந்துகளுக்கு அசையாத வாட்டர்ஹெம்ப் 2001-லேயே கான்சாஸில் உறுதியானது. அந்த நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் விடுபட்டாலே போதும், மருந்து ஒட்டாது. சுகர்பீட்டிலும் அதே மருந்தைச் சேர்த்தால் களைக்கு ஓய்வே இல்லாமல் ஒரே பயிற்சி. சோயா ஆண்டில் பிபிஓ மருந்தைத் தவிர்த்துவிட்டு இதைச் சுகர்பீட்டுக்கு மிச்சம் வைப்பதுதான் புத்திசாலித்தனம். வாட்டர்ஹெம்ப் விதை மண்ணில் சில ஆண்டுகளே உயிரோடிருக்கும். தப்பிய பத்துச் செடியையும் கையால் பிடுங்கினால் விதைக் கையிருப்பு உண்மையிலேயே இறங்கும்.

அவசரம் எத்தனை ஆண்டு அவசரமாக இருக்கலாம்?

விதிமுறையே இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. உணவுப் பயிருக்கு ஒரு பயன்பாடு மூன்று ஆண்டு விலக்கில் ஓடிய பின்னும் முழுப் பதிவுக்கான நிறைவான விண்ணப்பம் வரவில்லை என்றால், 'போதிய முன்னேற்றம் இல்லை' என்றே அனுமானிக்கப்படும். சிறு பயிர்களுக்கு உதவும் ஐஆர்-4 திட்டத்தின் ஆதரவு இருந்தால் ஐந்து ஆண்டு. நல்ல விதி. பருத்தியில் ஃபுளூரிடோன் இந்தப் பாதையில் ஒழுங்காக நடந்த உதாரணம். குளங்களில் நீர்க்களைக்கு அடிக்கும் மருந்தாக இருந்தது, வாட்டர்ஹெம்பின் உறவான பால்மர் அமராந்த் களையின் தொல்லையால் அவசர அனுமதியில் பருத்திக்கு வந்து, பிறகு முழுப் பதிவு பெற்றது.

எல்லாக் கதவும் திறப்பதில்லை. டெக்சாஸ் 2014-இல் 30 லட்சம் ஏக்கர் பருத்திக்கு புரோப்பசைன் என்ற களைக்கொல்லியைக் கேட்டது. அதுவும் பால்மர் அமராந்துக்காகத்தான். இபிஏ மறுத்தது. அது சேர்ந்த, அட்ரசின் களைக்கொல்லியும் அடங்கிய டிரையசின் குடும்ப மருந்துகள் எல்லாம் சேர்ந்து குடிநீரில் உண்டாக்கும் ஆபத்தைக் கூட்டிப் பார்த்தபோது பாதுகாப்பு என்று சொல்ல முடியவில்லை. இந்த மறுப்பைப் பலர் குறை சொன்னார்கள். எங்களுக்கு அது சேவையின் தரத்துக்குச் சான்றாகவே படுகிறது. மறுக்கவே தெரியாத அலுவலகம் கொடுக்கும் அனுமதிக்கு மதிப்பேது?

பிரிட்டனில் நடந்தது எதிர்த்திசை. பிராக்கன் எனும் பெரணிக் களைக்கு அடிக்கும் அசுலாம் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒப்புதல் மறுத்தது. 2013 முதல் ஆண்டுதோறும் அவசர அனுமதியில் அது ஓடியது. அந்தச் சட்டத்தில் ஓர் அனுமதியின் உச்சக் காலம் 120 நாள். பத்தாண்டு, ஒவ்வொரு கோடையிலும் அதே 'எதிர்பாராத' அவசரம்! 2023-இல் ஸ்காட்லாந்து மறுத்தது, பிறகு தயாரிப்பாளரே கைவிட்டார். அந்தத் தயாரிப்பாளரும் யூபிஎல்தான். அவசர அனுமதியை நம்பியே களைத் திட்டம் போடுபவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் இதற்கு நேர் இணையான ஏற்பாடு இல்லை. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் பிரிவு 9(3பி) புதிதாக அறிமுகமாகும் மருந்துக்கு இரண்டாண்டுத் தற்காலிகப் பதிவு தரும். ஆனால் அது நிறுவனம் கேட்டு வாங்குவது. ஒரு மாவட்டத்துக்கு, ஒரு பயிருக்கு, ஒரு பருவத்துக்கு என்று மாநிலம் கேட்டு வாங்கும் பிரிவு 18-இன் குறுகிய வடிவம் அதில் கிடையாது.

மதிப்பெண்

மருந்துக்கு 5-க்கு 3. சிறிய களையில் நம்பகமானது, விளைவு சீக்கிரம் தெரிகிறது. பயிர்க் காயம் தவிர்க்க முடியாதது, வெயிலைப் பொறுத்து பலன் ஊசலாடுகிறது, ஒரே தெளிப்பு என்பதால் பிழைக்கு இடமில்லை.

அனுமதிச் சேவைக்கு 5-க்கு மூன்றரை. நிபந்தனை தெளிவு, எச்ச வரம்பு கட்டாயம், மறுக்கும் துணிவு உண்டு. குறை, காலண்டர். ஏப்ரல் முடிவதற்குள் பதில் வந்தால் நான்கரை கொடுக்கத் தயங்க மாட்டோம், ஏனென்றால் விதைக்கும் முன்பே மருந்துப் பட்டியலை முடிவு செய்ய முடியும்.

யாருக்கு இது வேண்டும்? விதைப்பில் எத்தோஃபுமசேட், இரண்டு இலையில் ஒரு மண் மருந்து, ஆறு இலையில் இன்னொன்று என்று முறையாகப் போட்டும் மழை ஏமாற்றியதால் களை தப்பியவருக்கு. மண் மருந்துக் காசை மிச்சப்படுத்திவிட்டு இதை மட்டும் நம்பலாம் என்று நினைப்பவருக்கு வேண்டாம். மூன்று வாரத்தில் அடுத்த தவணை முளைக்கும், கையில் மருந்து இருக்கும், அடிக்க அனுமதி இருக்காது.

மிச்சமான மருந்தை என்ன செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு ஆகஸ்டிலும் வரும். சுகர்பீட்டுக்கான தேதி முடிந்ததும் அந்த வயலில் அதைத் தொட முடியாது. ஆனால் பாட்டிலுக்குச் சோயாவில் முழுப் பதிவு இருப்பதால், வழக்கமான லேபிள்படி அங்கே பயன்படுத்தலாம். அடுத்த ஆண்டும் சுகர்பீட்டுக்கு அனுமதி வரும் என்று நம்பி டிரம் கணக்கில் வாங்கி அடுக்க வேண்டாம்.

பயிரில் எதிர்பாராத சேதமோ, மருந்துக்குச் சாகாத களைத் திட்டோ தெரிந்தால் உடனே மாநில வேளாண் துறைக்குச் சொல்லுங்கள். பாதகமான விளைவுகளை மாநிலம் இபிஏயிடம் உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும், அனுமதி முடிந்த ஆறு மாதத்துக்குள் முழு அறிக்கையும் தர வேண்டும். தெளித்த தேதி, பயிரின் இலை எண்ணிக்கை, களையின் உயரம், அன்றைய வெப்பநிலை, ஏக்கருக்கு விட்ட தண்ணீர் ஆகிய ஐந்தையும் அன்றே குறித்து வைத்திருந்தால், அந்த அறிக்கைக்கு அதுவே போதும்.